எந்த எட்டு மணி?

2019 மார்ச் மாத நடுவில் ஒரு நாள், விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, பெங்களூரின் கம்மனஹள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே ஒரு மூன்றாம் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்த எத்தியோப்பிய ஆய்வு மாணவர் பேசினார். "கஷே, அம்மா கண் திறக்க மாட்டேன் என்கிறார், உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது" என்றார். கஷே என்பது வயதில் மூத்த ஆணை அம்ஹாரிக் மொழியில் மரியாதையாக விளிக்கும் சொல். நம்முடைய 'ஐயா'வுக்கும் 'அண்ணா'வுக்கும் நடுவில் வைக்கலாம். லிங்கராஜபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம்தான். நானும் மனைவியும் போய்ச் சேர்வதற்குள் அவர் தாயைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கிளினிக்குக்கு வந்துவிட்டிருந்தார். இரவுப் பணியில் இருந்த நர்ஸ், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ்ப் பெண், விரலைக் குத்திப் பார்த்தாள், சர்க்கரை 52. குளுக்கோஸ் ஏற்றிய சிறிது நேரத்தில் அந்த அம்மா கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். பார்த்ததும், அந்த நிலையிலும் முறை தவறாமல், "தேனா யிஸ்திலிஞ்" என்று வணக்கம் சொன்னார். எனக்காக இறைவன் உனக்கு உடல்நலம் தரட்டும் என்பது அதன் பொருள்.

முந்தின இரவு என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை போட்டார் என்று என் மனைவி ஒவ்வொன்றாகக் கேட்டாள். சர்க்கரைக்குக் கொடுத்திருந்த மாத்திரையை எழுதித் தந்தபடியே, எட்டு மணிக்குச் சரியாகப் போட்டதாக அவர் சொன்னார். மருந்து உறையின் மேல் 8 – 8 என்று பேனாவால் எழுதி, 'சாப்பாட்டுக்கு முன்' என்று ஆங்கிலத்தில் குறித்திருந்தார்கள். எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றியது. அவர் மணிக்கட்டில் இருந்த பழைய கடிகாரத்தை என் மனைவி திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. சுவரில் மணி ஐந்தரை. அவர் கையில் பதினொன்றரை. அவருடைய எட்டு மணி, நம் கணக்கில் நள்ளிரவுக்குப் பிந்தைய இரண்டு மணி. ஒரு வாரத்துக்கு மேலாக அவர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, மகனை எழுப்பாமல், விளக்குப் போடாமல், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி படுத்திருக்கிறார்.

எத்தியோப்பியாவில் நாள் சூரியன் எழும்போது தொடங்குகிறது. நாம் காலை ஏழு என்பது அவர்களுக்குப் பகல் ஒன்று. நாம் மாலை ஏழு என்பது இரவு ஒன்று. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நாட்டில் பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ சமமாக இருப்பதால் இந்தக் கணக்கு அவர்களுக்கு ஒரு நாளும் இடறுவதில்லை. நம் பஞ்சாங்கத்தில் இன்றும் உதயாதி நாழிகை என்று அச்சிடுகிறார்களே, அதுவும் சூரியோதயத்திலிருந்து எண்ணுவதுதான். நாம் அதைக் கல்யாணத்துக்கும் ஜாதகத்துக்கும் ஒதுக்கிவிட்டோம், அவர்கள் பேருந்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வைத்திருக்கிறார்கள். படித்த எத்தியோப்பியர்கள் ஆங்கிலம் பேசும்போது நம் மணியையும், அம்ஹாரிக் பேசும்போது தங்கள் மணியையும் தாமாகவே மாற்றிக்கொள்வார்கள். அந்த மகன் களைத்துப்போயிருந்த ஒரு மாலையில் உறையைப் பார்த்து, "ஸ்மிந்த் ஸஆத்", எட்டு மணி, என்று தாய்க்கு அம்ஹாரிக்கில் படித்துச் சொல்லியிருக்கிறார். எண்ணை மொழிபெயர்த்தவர் மணியை மொழிபெயர்க்க மறந்துவிட்டார்.

இதை நான் குறையாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். 2006 முதல் ஆறு ஆண்டுகள் எத்தியோப்பியாவின் கோந்தர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தேன். பேரரசர் ஹைலே செலாசி காலத்திலேயே இந்திய ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் அந்த நாட்டுப் பள்ளிகளுக்குப் போனார்கள். 2000க்குப் பிறகு புதிய பல்கலைக்கழகங்கள் வரிசையாகத் திறக்கப்பட்டபோது போன இரண்டாம் அலையில் தமிழ்நாட்டவரும் கணிசமாக இருந்தோம். முதல் ஆண்டிலேயே எனக்குக் கடுமையான நெஞ்செரிச்சல். ஒரு சிறிய மருத்துவமனையில் மறுநாள் மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் போனேன்; மருத்துவர் காலை ஒன்பதுக்கே காத்திருந்துவிட்டுப் போய்விட்டார் என்று காவலாளி சைகையால் சொன்னார். நெஞ்சைத் தொட்டுக் காட்டினால் இதயம் என்று எடுத்துக்கொண்டார்கள், வயிற்றைத் தொட்டால் வயிற்றுப்போக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். வேதியியல் முனைவர் பட்டம் பெற்ற நான் கடைசியில் ஒரு தாளில் நெருப்பு வரைந்து காட்டினேன். பக்கத்து வீட்டு ஆசிரியை கூட வந்து பேசிய பிறகுதான் சரியான மாத்திரை கிடைத்தது. அன்று என்னிடம் பணம் இருந்தது, படிப்பு இருந்தது, மருத்துவமனையும் பக்கத்தில் இருந்தது. வலி மட்டும் போய்ச் சேரவில்லை.

என் மனைவிக்கு என்னைவிட நல்ல அம்ஹாரிக் வரும். நான் கற்றது வகுப்பறை மொழி. அவள் கற்றது சனிக்கிழமைச் சந்தையிலும் பக்கத்து வீட்டுக் காபியிலும். அங்கே காபி என்றால் மூன்று சுற்று: அபோல், தோனா, பெரெக்கா. மூன்றாவது சுற்றுக்குள் ஊர் நோய்நொடி அத்தனையும் பேசி முடித்துவிடுவார்கள். அதனால் பெங்களூருக்குத் திரும்பி வந்த பிறகு, கொத்தனூர், ஹென்னூர், கம்மனஹள்ளி வட்டாரத்தில் படிக்க வந்த எத்தியோப்பிய மாணவர்கள் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். மருத்துவமனைக்குள் அவள் போவாள், நான் பணம் கட்டும் வரிசையில் நிற்பேன்.

இந்த அம்மா சர்க்கரைக்காக வரவில்லை. சிறு வயதில் வந்த தொண்டைப் புண் கவனிக்கப்படாமல் போய், வாதக் காய்ச்சலாகி, இதய வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. நம் ஊரிலும் ஏழை வீடுகளில் ஒரு காலத்தில் சாதாரணமாகப் பார்த்த நோய்தான் இது. எத்தியோப்பியாவில் இன்னும் ஏராளமாக இருக்கிறது. ஊரில் சிகிச்சைக்கு வரிசை நீளமாக இருந்ததால் மகன் மருத்துவ விசா எடுத்து இங்கே அழைத்து வந்தார். வால்வை பலூனால் விரித்தார்கள், அது நன்றாகவே முடிந்தது. அந்தச் சோதனைகளின்போதுதான் சர்க்கரை இருப்பது தெரிந்து, மார்ச் முதல் வாரத்தில் வீட்டுக்கு அனுப்பும்போது அந்த மாத்திரையையும் எழுதிக் கொடுத்தார்கள்.

மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெரியது, வெளிநாட்டு நோயாளிகளுக்குத் தனி மேசை வைத்திருப்பது, மருத்துவத்தில் குறை சொல்ல முடியாதது. மேசையில் அரபிக்கும் பிரெஞ்சுக்கும் ஆள் இருந்தது; அம்ஹாரிக்குக்கு அந்த வாரம் ஆள் இல்லை, மகன்தான் இருக்கிறாரே என்று விட்டுவிட்டார்கள். நான் சண்டை பிடிக்க நினைத்ததும் பிடிக்காமல் வந்ததும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

மகன் மொழிபெயர்க்கும்போது என்ன நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். உணவு ஆலோசகர், "காலையில் என்ன சாப்பிடுகிறார்?" என்று கேட்டார். தாய், "நோன்பு தொடங்கிவிட்டது, ஒன்பது மணி வரை வாயில் தண்ணீர்கூடப் படாது" என்றார். அவருடைய ஒன்பது நம்முடைய பிற்பகல் மூன்று. மகன் ஒரு கணம் தயங்கி, "கொஞ்சமாகச் சாப்பிடுவார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "படிக்காத ஜனங்கள் என்று நினைத்துவிடுவார்கள், கஷே" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் என் பாட்டியை விக்டோரியா மருத்துவமனைக்கு அழைத்துப் போன காலத்தில், அவள் சொன்ன மந்திரிப்பையும் தாயத்தையும் கன்னட மருத்துவரிடம் விழுங்கித்தான் சொன்னேன்.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் நோன்பு என்பது ஆண்டுக்கு ஒரு முறை வந்து போவதில்லை. புதன், வெள்ளி வாரந்தோறும் உண்டு; ஈஸ்டருக்கு முன் ஹுதாதே என்ற 55 நாள் பெரிய நோன்பு உண்டு; இன்னும் சிறிய நோன்புகள் பல உண்டு. எல்லாம் கூட்டினால் சாதாரணக் குடும்பத்தினருக்கே ஆண்டில் ஏறத்தாழ 180 நாட்கள் வரும். அந்நாட்களில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. பக்தி மிகுந்தவர்கள் பிற்பகல் வரை எதையுமே உண்ண மாட்டார்கள். 2019இல் ஹுதாதே மார்ச் 4 அன்று தொடங்கியது. இரவு இரண்டு மணிக்கு மாத்திரை, அதற்குப் பின் பதின்மூன்று மணி நேரம் வெறும் வயிறு என்றால் விடியற்காலை ஐந்து மணிக்கு என்ன நடக்கும் என்பதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை.

நோன்பை விடச் சொல்லுங்கள் என்று கிளினிக் மருத்துவர் சொன்னார். அப்படிச் சொன்னால் நடக்காது என்று என் மனைவிக்குத் தெரியும். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் அந்தத் திருச்சபையே விலக்குத் தருகிறது. ஆனால் விலக்கை மருத்துவர் தர முடியாது, அவரவருடைய ஞானத்தந்தை தரவேண்டும். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் பாதிரியார் ஒருவர் உண்டு. அன்று மாலையே கோந்தரில் இருந்த அவரைத் தொலைபேசியில் பிடித்தோம். அவர் மாத்திரையின் பெயரைக் கேட்டார், எத்தனை வேளை என்று கேட்டார், பிறகு தாயிடம் ஒலிபெருக்கியில் பேசினார். பால், இறைச்சி விலக்கு நீடிக்கட்டும். காலையில் சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்பது கட்டளை. மறுநாள் காலையிலிருந்து அந்த அம்மா ஷிரோ என்ற கடலைமாவுக் குழம்போடு தவறாமல் சாப்பிட்டார். மருத்துவரும் மாத்திரையின் அளவைக் குறைத்து, பெரிய சாப்பாட்டு வேளைக்கு மாற்றிக் கொடுத்தார். பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு அது. எந்த மருத்துவமனையும் அதைச் சிகிச்சை என்று கணக்கெழுதாது.

வேறு சில சிறிய விஷயங்களும் உண்டு. ஆமாம் என்று சொல்வதற்கு எத்தியோப்பியர்கள் பல நேரம் வாயைத் திறப்பதில்லை. திடுக்கிட்டது போல மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பார்கள். வார்டில் ஒரு நர்ஸ், "வலிக்கிறதா? தூக்கம் வந்ததா?" என்று கேட்கக் கேட்க இந்த அம்மா மூச்சை இழுத்து இழுத்துப் பதில் சொல்லியிருக்கிறார். இதய நோயாளி என்பதால் அந்தப் பெண் பயந்துபோய் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்டி, மருத்துவரையும் கூப்பிட்டுவிட்டாள். நாம் தலையை ஆட்டுவதைப் பார்த்து வெள்ளைக்காரன் விழிப்பது போலத்தான் இதுவும். இதைவிட ஆபத்தானது 'இஷி' என்ற சொல். சரி என்று பொருள். புரிந்தது, ஒப்புக்கொள்கிறேன், செய்கிறேன் என்று மூன்றாகவும் நம் ஆட்கள் அதை எடுத்துக்கொள்கிறார்கள். 'நீங்கள் பெரியவர், உங்களோடு வாதாட மாட்டேன்' என்பதற்கு மேல் அதில் பல நேரம் ஒன்றும் இருப்பதில்லை. நம் கிராமத்து ஆட்கள் மருத்துவரிடம் சொல்லும் 'சரிங்க' அதுதான்.

காகிதங்கள் இன்னொரு தலைவலி. அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், தந்தை பெயர், அதற்குமேல் வேண்டுமானால் தாத்தா பெயர். பெண் திருமணமானாலும் தன் தந்தை பெயரையே வைத்துக்கொள்வாள். ஆக, தாயின் இரண்டாம் பெயரும் மகனின் இரண்டாம் பெயரும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. இவர் உண்மையில் மகன்தானா என்று பதிவு மேசையில் இரண்டு முறை கேட்டார்கள். இனிஷியலோடு பெங்களூரில் வங்கிக் கணக்குத் தொடங்கிய தமிழர் யாரும் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது. பெயராவது போகட்டும், தேதி உயிர் விஷயம். ஊரிலிருந்து கொண்டு வந்த எக்கோ அறிக்கையில் 12/07/2009 என்று இருந்தது. இங்கே மருத்துவர் அதை 2009 ஜூலை என்று படித்து, பத்தாண்டில் வால்வு இவ்வளவுதான் சுருங்கியிருக்கிறது, மெதுவாகப் போகும் நோய், அவசரம் இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். தேதிக்குப் பின்னால் சின்னதாக இரண்டு அம்ஹாரிக் எழுத்துகள் இருந்ததை என் மனைவி காட்டினாள். அருளின் ஆண்டு என்பதன் சுருக்கம் அது. எத்தியோப்பிய நாட்காட்டி என்பதற்கு அடையாளம். அவர்களுடைய ஆண்டு நம்முடையதைவிட ஏழு அல்லது எட்டு பின்னால் வரும், மாதங்கள் பதின்மூன்று, புத்தாண்டு செப்டம்பர் 11. கணக்குப் போட்டால் அந்த எக்கோ எடுத்த நாள் 2017 மார்ச் 21. பத்தாண்டு நோய் இரண்டாண்டு நோயாகிவிட்டது. மருத்துவர் நல்லவர், ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, பலூன் சிகிச்சையை அடுத்த வாரத்துக்கே குறித்தார்.

இவற்றையெல்லாம் 'கலாசார வேறுபாடு' என்று ஒரே பெட்டியில் போட்டு மூடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தச் சொல்லைச் சொன்னவுடன் பாரம் நோயாளியின் தலைக்குப் போய்விடுகிறது. அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. கடிகாரம் கையில் இருந்தது, தேதியின் அடையாளம் தாளில் இருந்தது, நோன்பை வாய் திறந்து சொன்னார். கேட்கவும் படிக்கவும் அந்தப் பக்கம் ஆள் இல்லை.

மொழிபெயர்ப்பிலும் சொற்களை மட்டும் தூக்கி வைத்தால் போதாது. அம்ஹாரிக்கில் 'ஹோத்' என்றால் வயிறு. துக்கமும் பிரிவும் ஏக்கமும் தங்கும் இடமும் அதுதான். "ஹோதேன் பார் பார் அலெஞ்" என்று ஒருவர் சொன்னால் வயிற்றில் ஏதோ வெறிச்சோடிப்போய்க் கலங்குகிறது, மனம் சரியில்லை என்று பொருள். ஒரு மாணவி இதைச் சொல்லி, கூட வந்த தோழி 'வயிறு சரியில்லை' என்று பெயர்க்க, அமிலத்துக்கு மாத்திரை, பிறகு எண்டோஸ்கோப்பி என்று இரண்டு மாதம் ஓடியது. அவளுடைய ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்ததையும் வீட்டாரோடு தொடர்பு அறுந்திருந்ததையும் யாரும் கேட்கவில்லை. பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று அழும் தமிழ்த் தாய்க்கு யாரும் எண்டோஸ்கோப்பி எழுதுவதில்லை. ஏனென்றால் கேட்பவருக்கும் அதே வயிறு.

இந்த நோயாளியிடமும் அப்படி ஒரு விஷயம் இருந்தது. பிரசவங்களுக்குப் பிறகு பல ஆண்டுகளாகச் சிறுநீர் கசிவு. வீட்டை விட்டு வெளியே வர அவர் தயங்கியதும், மருத்துவமனை நாற்காலியில் உட்கார மறுத்து நின்றதும் அதனால்தான். மகன் வழியாக அதை எப்படிச் சொல்வார்? என் மனைவி காபி வறுத்துக் கொடுத்த ஒரு பிற்பகலில், மகனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அந்த அம்மா "இஹ்தே" என்று தொடங்கினார். தங்காய் என்பது போன்ற அழைப்பு. பிரசவக் காயங்களுக்கு உலகத்துக்கே வழிகாட்டிய மருத்துவமனை அவர்கள் நாட்டில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கேத்தரின் ஹாம்லினும் அவர் கணவரும் 1974இல் அடிஸ் அபாபாவில் தொடங்கியது. ஆனால் இவருக்கு இருந்தது பயிற்சியாலும் சிறிய சிகிச்சையாலும் சரியாகக் கூடியதுதான் என்று இங்கே ஒரு பெண் மருத்துவர் பார்த்துச் சொன்னார். இருபது ஆண்டுகள் சுமந்த வெட்கத்துக்கு ஒரு பிற்பகல்.

வெளிநாடு போய்க் குடியேறிய எத்தியோப்பியர்களின் உடல்நலக் கதையிலும் இந்த இழைதான் திரும்பத் திரும்ப வருகிறது. கோந்தருக்கு வெளியே வொல்லேகா என்ற சிற்றூரில் எத்தியோப்பிய யூதர்கள் விட்டுச் சென்ற தொழுகைக்கூடத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும் பகுதியினர் 1984–85இல் சூடான் வழியாகவும், 1991 மே மாதம் ஒன்றரை நாளில் ஏறத்தாழ 14,000 பேராக விமானங்களிலும் இஸ்ரேலுக்குப் போனார்கள். வந்து இறங்கியவர்களிடம் மருத்துவர்கள் தேடியது காசநோய், குடல் புழு, ஹெபடைட்டிஸ் பி. தேட வேண்டியவைதான். ஆனால் வந்தபோது அவர்களிடம் அரிதாக இருந்த சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும், தெஃப் தானிய மாவில் சுடும் இஞ்சேரா அப்பத்தை விட்டு வெள்ளை ரொட்டிக்கும் இனிப்புப் பானத்துக்கும் மாறிய சில ஆண்டுகளில் வேகமாகப் பெருகின. சர்க்கரை நோய் என்ற ஒன்றையே கேள்விப்படாத முதியவரிடம், உங்களுக்கு வலி எதுவும் இல்லை, ஆனாலும் ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும் என்று எபிரேயத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்த பிறகே, சமூகத்திலிருந்து இருமொழி தெரிந்தவர்களைப் பயிற்றுவித்து மருத்துவமனைகளில் இடையாளராக அமர்த்தினார்கள்.

அதற்குள் நம்பிக்கை உடைந்தும் போயிருந்தது. அவர்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்தை எச்.ஐ.வி. அச்சத்தால் சொல்லாமல் கொள்ளாமல் கொட்டி வந்தார்கள் என்பது 1996 ஜனவரியில் நாளிதழ் வழியாக வெளியானது. ஜெருசலேமில் பிரதமர் அலுவலகத்தின் முன் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். 2013இல் இன்னொரு சர்ச்சை: எத்தியோப்பியப் பெண்களுக்குப் போடப்பட்ட கருத்தடை ஊசி. அதன் விளைவுகள் பெண்ணுக்குப் புரிந்திருக்கிறதா என்ற ஐயம் இருந்தால் அதைப் புதுப்பிக்கக் கூடாது என்று சுகாதார அமைச்சகம் மருத்துவர்களுக்கு எழுத வேண்டி வந்தது. கட்டாயப்படுத்தியதற்குச் சான்று இல்லை என்று பின்னால் தணிக்கையில் சொன்னார்கள். ஆனால் புரிந்ததா என்ற கேள்வியை எழுத்தில் கேட்கவே அத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரம் 2004இல் மொழிச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்து, அரசு சேவைகளில் அம்ஹாரிக்குக்கும் இடம் கொடுத்தது. வளைகுடாவிலும் லெபனானிலும் வீட்டுவேலைக்குப் போன பெண்களுக்கு இதெல்லாம் கனவு; பாஸ்போர்ட்டே முதலாளி கையில் இருக்கும்போது மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். 2020 ஜூனில் பெய்ரூட்டில் அப்படிப்பட்ட பெண்களைத் தூதரக வாசலில் மூட்டை முடிச்சோடு இறக்கிவிட்டுப் போனார்கள்.

பெங்களூரில் நிலைமை இந்த அளவுக்கு இல்லை. இங்கே வருபவர்கள் இரண்டு வகை. சிகிச்சைக்காகவே வருபவர்களுக்குப் பெரிய மருத்துவமனைகள் விமான நிலையத்துக்கே வண்டி அனுப்பும். கட்டணமும் வெளிநாட்டவருக்கென்று தனி. படிக்க வருபவர்களுக்கும் அவர்கள் மனைவி மக்களுக்கும் தெருமுனைக் கிளினிக்கும் மருந்துக்கடையும்தான். காய்ச்சல் என்று போனால் முதலில் பார்ப்பது தோலின் நிறத்தை என்று ஒரு மாணவர் சொன்னார். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. 2016இல் இந்த நகரத்தின் வடக்கே ஒரு தான்சானிய மாணவியைக் கும்பல் தாக்கிய பிறகு பல மாதங்கள், இருட்டிய பின் மருந்து வாங்கக்கூட அவர்கள் வெளியே வரவில்லை. விசா நீட்டிப்பு, வீட்டுக்காரர் தரவேண்டிய படிவம், இன்னும் வராத உதவித்தொகை எல்லாம் நோயோடு சேர்ந்தே வரும்.

ஒன்றை மட்டும் மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. பலூன் சிகிச்சைக்கு முந்தின நாள், அந்த அம்மா தலைமாட்டில் வைத்திருந்த சிறிய பிளாஸ்டிக் பாட்டிலை வார்டு ஊழியர் எடுத்துக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டார். சுத்தமில்லாத தண்ணீர் என்று காரணம். அது ஊரிலிருந்து கொண்டு வந்த த்ஸெபெல், தீர்த்தம். எச்.ஐ.வி. பரவியிருந்த ஆண்டுகளில் இந்தத் தீர்த்தத்தை நம்பி மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் 2007இல் அந்தத் திருச்சபையின் தலைவர் அபுனா பவுலோஸ், மருந்தும் தீர்த்தமும் இரண்டுமே கடவுள் தந்தவை, இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். இந்த அம்மா மருந்தை நிறுத்தும் ஆளே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்காமல் ஊற்றியதற்கும் அவர் 'இஷி' என்றுதான் சொன்னார், இரவு சாப்பிடவில்லை. அதே வார்டில் அடுத்த கட்டிலில் இருந்த தமிழர் தலையணைக்கடியில் வேளாங்கண்ணி எண்ணெய் இருந்தது, அதை யாரும் தொடவில்லை.

அவர் ஊருக்குப் போகும் முன் என் மனைவி ஒரு அட்டையில் சூரியனும் நிலாவும் வரைந்து, சூரியனுக்குப் பக்கத்தில் அவருடைய கணக்கில் 2 என்றும், நிலாவுக்குப் பக்கத்தில் 2 என்றும் எழுதிக் கொடுத்தாள். நம் எட்டு மணி அது. அதன் நகல் ஒன்றைக் கிளினிக்கிலும் மருந்து கொடுக்கும் சன்னலுக்கு உள்பக்கம் ஒட்டினோம்; கீழே நான் தமிழிலும் கன்னடத்திலும் இரண்டு வரி எழுதினேன். கிருஷ்ணகிரிப் பெண் அதை ரொம்பவும் மனதில் வாங்கிக்கொண்டுவிட்டாள். அதற்குப் பிறகு போன மாதங்களில் ஒரு முறை அங்கே உட்கார்ந்திருந்தபோது, தொண்டை வலிக்கு மாத்திரை வாங்க வந்த ஒரு நைஜீரிய மாணவரிடம் உறையை நீட்டுவதற்கு முன், "வாட்ச்சைக் காட்டுங்க" என்றாள். அவர் ஒன்றும் புரியாமல், திருட்டுப் பொருள் என்று சந்தேகப்படுகிறாளோ என்ற முகத்தோடு, கையை நீட்டினார். அவள் தன் கைப்பேசியோடு ஒத்துப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்று உறையைக் கொடுத்தாள். நான் எழுந்து போய், நைஜீரியாவில் நம்மைப் போலத்தான் மணி பார்ப்பார்கள் என்று அவளுக்கும், எதற்காகக் கேட்டாள் என்று அவருக்கும் சொன்னேன். அவர் அட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.